"வரியைக் குறைப்பேன்" என்பவரிடம் பட்ஜெட்டைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டியவை

வரியைக் குறைப்பேன், அரசின் செலவைச் சுருக்குவேன், கடனைக் கட்டுக்குள் வைப்பேன். நிதிக் கட்டுப்பாட்டை வலியுறுத்தும் அரசியல்வாதி இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். கொள்கை நல்லதுதான். ஆனால் செலவு அப்படியே இருக்க, வரியை மட்டும் குறைத்தால் விடுபட்ட தொகை கடனாகி, வட்டியோடு பிற்காலத்து வரியாகத் திரும்பி வரும். ஆகவே எந்த வரி குறையும் என்று கேட்பதற்கு முன், எந்தச் செலவு, எந்த ஆண்டில், எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்.

"மொத்தச் செலவில் பத்து சதவீதம் வெட்டுவேன்" என்ற வாக்குறுதியை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக ஓர் அரசின் செலவை 100 என்று வையுங்கள். அதில் பழைய கடனுக்கான வட்டி 20, சம்பளமும் ஓய்வூதியமும் 35, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய மானியங்களும் உதவித்தொகைகளும் 20 என்றால், அமைச்சர் நினைத்த மாத்திரத்தில் கை வைக்கக்கூடியது 25 மட்டுமே. பத்தை வெட்ட வேண்டுமானால் அந்த 25-ல் ஐந்தில் இரண்டு பங்கு போக வேண்டும். வீண் செலவை ஒழித்தாலே போதும் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது நம்மிடம் காட்டவில்லை. வீண் செலவு இருக்கிறது, அதை ஒழிக்கவும் வேண்டும். ஆனால் அதன் அளவு பெரும்பாலும் மேடையில் சொல்லப்படுவதைவிடச் சிறியது.

வெட்டு உண்மையில் எங்கே விழுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். வட்டியை நிறுத்த முடியாது. சம்பளத்தைத் தொட்டால் வேலைநிறுத்தம். மானியத்தைத் தொட்டால் வாக்கு போகும். பாலத்தின் பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் அந்த ஆண்டில் யாரும் கூச்சலிட மாட்டார்கள். அதனால் முதலில் வெட்டுப்படுவது மூலதனச் செலவும் (சாலை, பாலம் போன்ற சொத்துகளை உருவாக்கும் செலவு) பராமரிப்பும்தான். பராமரிக்காமல் விட்ட சாலையைச் சில ஆண்டுகள் கழித்து அடியிலிருந்து பெயர்த்துப் போட வேண்டி வரும். மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகச் செலவாகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிதிப் பற்றாக்குறையையும் (கடன் தவிர்த்த மொத்த வரவைவிட மொத்தச் செலவு எவ்வளவு கூடுதல் என்பது) வருவாய்ப் பற்றாக்குறையையும் (வரி முதலிய வருவாயைவிடச் சம்பளம், வட்டி போன்ற அன்றாடச் செலவு எவ்வளவு கூடுதல் என்பது) அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது குறைந்து பின்னது அசையாமல் இருந்தால், ஒன்று மூலதனச் செலவு வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது அரசுச் சொத்து விற்கப்பட்டிருக்கிறது. சொத்து விற்ற பணம் ஒரு முறைதான் வரும்; அதை நம்பி நிரந்தர வரிக்குறைப்பு தருவது தவறு.

செலவு குறைந்ததுபோல் காட்ட வேறு வழிகளும் உண்டு. ஒப்பந்ததாரர்களின் பில்லை மார்ச்சில் தராமல் ஏப்ரலுக்குத் தள்ளுவது ஒன்று. அரசு நிறுவனத்தின் பெயரில் கடன் வாங்கி, அரசு உத்தரவாதம் மட்டும் கொடுப்பது இன்னொன்று. பட்ஜெட் உரையில் இவை தென்படாது. உத்தரவாதங்களின் பட்டியல், இறுதிக் கணக்கு, தணிக்கை அறிக்கை மூன்றையும் பார்த்தால்தான் தெரியும்.

வரிப் பக்கத்திலும் இதே எச்சரிக்கை தேவை. விகிதத்தை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, வரி விலக்கு வரம்பைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தாமல் விட்டால், விலைவாசியோடு ஏறும் சம்பளம் வரம்பைத் தாண்டி, சில ஆண்டுகளில் கட்டும் வரி கூடிவிடும். நேரடி வரியைக் குறைத்து மறைமுக வரியை ஏற்றுவதும் நடக்கும். 1979-ல் பிரிட்டனில் பிரதமர் தாட்சரின் அரசு வருமான வரியின் உச்ச விகிதத்தை 83-லிருந்து 60 சதவீதமாகக் குறைத்த அதே பட்ஜெட்டில், மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதமாக உயர்த்தியது. அது மறைக்கப்படவில்லை, வெளிப்படையாகச் சொல்லியே செய்தார்கள். நாம் கேட்க வேண்டியதும் அந்த வெளிப்படைத்தன்மையைத்தான்.

வரியைக் குறைத்தாலே வருவாய் பெருகி ஈடாகிவிடும் என்ற வாதத்தை எச்சரிக்கையோடு அணுகுங்கள். விகிதம் மிக உயரத்தில் இருக்கும்போது அதில் ஓரளவு உண்மை உண்டு. நடுத்தர விகிதங்களில் இழப்பின் ஒரு பகுதிதான் திரும்பும். 1981-ல் பெரிய வரிக்குறைப்பு செய்த அமெரிக்க அதிபர் ரீகன், அடுத்த ஆண்டே வரியை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் பிரதமர் லிஸ் ட்ரஸின் அரசு, ஈடு காட்டாமலும் சுயேச்சையான மதிப்பீட்டை வெளியிடாமலும் வரிக்குறைப்பை அறிவித்தது. அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரிந்து, ஐந்தாம் நாள் அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து தலையிட நேர்ந்தது.

கூலிட்ஜ் இதற்கு நேர்மாறு. அமெரிக்க அதிபராக 1923 முதல் 1929 வரை, பட்ஜெட் இயக்குநரோடு தவறாமல் உட்கார்ந்து துறைவாரியாகச் செலவைப் பிடித்தார். உச்ச வரி விகிதம் 25 சதவீதத்துக்கு இறங்கியது. அப்படியும் உபரி நீடித்து, கடன் சுமார் 2,200 கோடி டாலரிலிருந்து 1,700 கோடி டாலருக்கும் கீழே வந்தது. முதல் உலகப் போர்க்காலச் செலவு அவருக்கு முன்பே வடிந்திருந்தது அவருக்குக் கை கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் பட்ஜெட் சமமாக இருந்தே தீர வேண்டும் என்ற விதியை நான் ஆதரிக்க மாட்டேன். மந்தநிலையில் வருவாய் விழும்போதே செலவையும் வெட்டச் சொல்லும் விதி அது. சுவிட்சர்லாந்து இதைச் சரியாகக் கையாண்டது. 2001-ல் வாக்காளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் ஏற்று, 2003-லிருந்து நடைமுறையில் உள்ள 'கடன் தடை' விதி, பொருளாதாரச் சுழற்சிக்கு ஏற்பத் திருத்திய வருவாயைச் செலவின் உச்சவரம்பாக வைக்கிறது; அதாவது மந்தநிலையில் வருவாயைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம், நல்ல காலத்தில் குறைவாகவே செலவிட வேண்டும். மீறிய தொகை தனிக் கணக்கில் ஏறும். அது ஆண்டுச் செலவில் 6 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மூன்று ஆண்டுகளுக்குள் சரிக்கட்ட வேண்டும். உங்கள் வேட்பாளரின் அறிக்கையில் இப்படி ஓர் உச்சவரம்பும், மீறினால் சரிசெய்யும் காலக்கெடுவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.