மாரி மழையும் ரவுட்டரின் 256 தடங்களும்

மட்டக்களப்பு, கல்லடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ரவுட்டரை மீளமைத்து எல்லாவற்றையும் சரியாகப் பதித்த பின்னரும், மாரி தொடங்கியதும் இணைய வேகம் ஏன் பாதியாகிறது?

நாம் பதிக்கும் விடயங்கள் சிலவே. வி.பி.ஐ., வி.சி.ஐ. ஆகிய இரு எண்கள், 53 பைட் அளவான துண்டுகளாக வெட்டப்படும் தரவு எந்தப் பாதையில் செல்ல வேண்டும் என்பதைக் குறிக்கின்றன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நாம் இன்னார் என்பதை நிறுவுகின்றன. இவற்றில் ஒன்று பிழைத்தாலும் இணைப்பே கிடைக்காது. எனவே வேகக் குறைவுக்கான காரணத்தை இங்கே தேடுவது வீண்.

வேகத்தைத் தீர்மானிப்பது வீட்டுக்கு வரும் தொலைபேசியின் செம்புக் கம்பியே. நமது பேச்சுக்கு 4 கிலோஹேர்ட்ஸ் மீடிறன் வரையான இடம் போதும். தொலைபேசிக் கம்பியிலேயே இணையத்தையும் கொண்டுவரும், 1999 இல் தரப்படுத்தப்பட்ட ஏ.டி.எஸ்.எல். முறை, அதே கம்பியில் ஏறத்தாழ 1104 கிலோஹேர்ட்ஸ் வரை பயன்படுத்தி, அந்தப் பரப்பை 4.3125 கிலோஹேர்ட்ஸ் அகலமான 256 தடங்களாகப் பிரிக்கிறது. ரவுட்டரை இயக்கியதும் அதன் டி.எஸ்.எல். விளக்கு மினுங்கும் சில விநாடிகளில்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடக்கிறது: ரவுட்டரும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியும் முன்பே அறிந்த சைகைகளைத் தடந்தோறும் அனுப்பி, மறுமுனையில் அவை எவ்வளவு தெளிவாகக் கேட்கின்றன என்று அளக்கின்றன. வாவியில் துடுப்பின் ஒரு நுனியை இறக்கி, மறுநுனியைக் காதில் வைத்து மீன்பாட்டுக்குக் காத்திருப்பவரின் பொறுமை அதில் உண்டு. தெளிவான தடத்தில் ஒரு தடவைக்கு 15 பிட் வரை ஏற்றப்படும். இரைச்சலான தடத்துக்கு இரண்டோ மூன்றோ கிடைக்கும். மோசமானது வெறுமையாக விடப்படும். தடமொன்று விநாடிக்கு 4000 தடவை இவ்வாறு சுமை ஏற்றிச் செல்வதால், 10 பிட் தாங்கும் ஒரே தடம் விநாடிக்கு 40,000 பிட்டைக் கடத்துகிறது. இணைப்பு நடந்துகொண்டிருக்கையில் ஒரு தடத்தில் இரைச்சல் கூடினால், அதன் சுமையில் ஒரு பகுதி வேறொரு தடத்துக்கு மாற்றப்படும். பார்த்துக்கொண்டிருப்பவர் அதை அறியவே மாட்டார்.

மீடிறன் கூடக் கூட, கம்பியின் நீளத்தில் சைகை வேகமாக நலிகிறது. ஆகவே எக்ஸ்சேஞ்சிலிருந்து தொலைவில் உள்ள வீடு மேல் தடங்களை முதலில் இழக்கிறது. நவம்பர், டிசம்பர் மழையில் கம்பி மூட்டுகளுக்குள் நீர் கசிந்தால், எஞ்சிய தடங்களிலும் இரைச்சல் ஏறும். உப்புக் காற்று மூட்டுகளை அரிப்பது வேறு. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கரையோரக் கம்பிகளை மாரியிலும் கோடையிலும் அளந்து பார்க்கும் மாணவர் திட்டமொன்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது என்பது என் எண்ணம்.

ரவுட்டரைத் திரும்பத் திரும்ப மீளமைப்பதை நான் நேர்த்திக்கடனாகவே கருதுகிறேன். நனைந்த மூட்டு அதனால் காய்வதில்லை. முதலில், தொலைபேசிக்கு முன் பொருத்தும் வடிகட்டி பழுதில்லையா என்று பார்க்கவும். பின்னர் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், சைகை இரைச்சலை விஞ்சி நிற்கும் அளவையும் சைகை நலிவையும் காட்டும் இரண்டு டெசிபெல் எண்களை, வெயில் நாளொன்றிலும் மழை நாளொன்றிலும் குறித்து, திருத்துநர் வரும்போது அவரிடம் காட்டவும்.