ஆய்வக சர்வர் லைசென்ஸ்: அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

உயிரியல் ஆய்வகங்களில் திசு மாதிரிகளையும் ஆர்.என்.ஏ.வையும் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசர்களில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃப்ரீசரிலும் ஒரு சென்சார் இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது வெப்பநிலையை நெட்வொர்க் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்பும். குளிர் குறைந்தால் நடுராத்திரியானாலும் பொறுப்பாளரை எழுப்ப வேண்டியது அந்த சர்வர்தான். சென்சார் நமக்கே சொந்தம். சர்வர் மென்பொருளுக்கு மட்டும் பெரும்பாலும் லைசென்ஸ்தான் கிடைக்கும்: இத்தனை கருவிகளுக்கு, இந்தத் தேதி வரை.

பல மென்பொருள்களில் இந்த லைசென்ஸ் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் படித்துவிடலாம். வாடிக்கையாளர் பெயர், கருவிகள் 50, காலாவதி தேதி, சர்வரின் அடையாளம். கீழே புரியாத எழுத்துகளாக ஒரு நீண்ட வரி. அதுதான் டிஜிட்டல் கையொப்பம். மேலே உள்ள விவரங்களை ஷா-256 போன்ற கணக்கீட்டில் செலுத்தினால் 256 பிட் நீளத்தில் ஓர் எண் வரும். மென்பொருள் நிறுவனம் தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் அந்த எண்ணுக்குக் கையொப்பமிடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. யாராவது 50-ஐ 60 ஆக்கினால், மாறியது ஓர் இலக்கம்தான் என்றாலும், அந்த 256 பிட்களில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும். கையொப்பம் பொருந்தாது. எல்லோரும் படிக்கலாம், நிறுவனத்தைத் தவிர யாரும் திருத்த முடியாது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

சிக்கல் வருவது சர்வரின் அடையாளத்தில். பல மென்பொருள்கள் நெட்வொர்க் கார்டின் 48 பிட் மேக் முகவரியைத்தான், அதாவது தயாரிக்கும்போதே கார்டுக்குத் தரப்படும் எண்ணைத்தான், அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. கார்டு பழுதாகி வேறு மாட்டினால் முகவரி மாறிவிடும், லைசென்ஸும் செல்லாமல் போகும். காசு கொடுத்து முறையாக வாங்கியவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்.

சரி, தேதி முடிந்தால்? கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றலாம் என்றால், கடைசியாகப் பார்த்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. ஆய்வகத்துக்கும் அது ஆகாத வேலை. மருந்து ஆய்வுப் பதிவுகளுக்கான அமெரிக்காவின் 1997-ஆம் ஆண்டு விதி, 21 சிஎஃப்ஆர் பகுதி 11, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை நேர முத்திரையோடு கணினியே பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

காலாவதிக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது மென்பொருளை எழுதியவர்கள் எடுக்கும் முடிவு. புதுக் கருவி சேர்ப்பதை மட்டும் தடுக்கலாம். திரையைப் பூட்டிவிட்டுப் பதிவைத் தொடரலாம். ஒரேயடியாக நிறுத்தியும் விடலாம். கடைசி வகையை எந்த ஆய்வகமும் ஏற்கக் கூடாது என்பேன். பல சென்சார்களில் சொந்த நினைவகம் உண்டு, உண்மைதான். ஆனால் அளவுகளைச் சேமித்துவைக்கும் நினைவகம் யாரையும் தொலைபேசியில் அழைக்காது.

லைசென்ஸ் கட்டணமே இல்லாத வழியும் இருக்கிறது. துகள் முடுக்கிகளைக் கண்காணிக்க அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வகங்களில் உருவான எபிக்ஸ் மென்பொருள் 2004 முதல் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சிறிய ஆய்வகங்களில் அதற்கு வசதி இருக்காது. அவர்கள் வாங்கும் முன்பே ஒரு சோதனை லைசென்ஸ் கேட்டு வாங்கி, அது காலாவதியான மறுநாள் ஒரு சென்சாரை வெளியே எடுத்து வைத்து, அலாரம் வருகிறதா என்று பார்த்துவிடலாம்.