பந்துக்கு மூச்சு வாங்காது: சின்னப் பயலுவ டீம் எப்படி அட்டாக் பண்ணணும்

பாளையங்கோட்டையில சாயங்காலம் எந்த ஸ்கூல் கிரவுண்டை எட்டிப் பாத்தாலும் இந்தக் கூத்து உண்டு. பாஸ்கெட்பால் டீம்ல நல்லா ட்ரிப்பிள் பண்ண, அதாவது பந்தைத் தரையில தட்டிக்கிட்டே ஓட, தெரிஞ்ச பய ஒருத்தன் பந்தை வாங்குதான், மிச்ச நாலு பேரும் "எனக்குப் போடுலே, எனக்குப் போடுலே"ன்னு கத்திக்கிட்டே அவன்கிட்டயே ஓடி வாரானுவ, பின்னாலேயே எதிர் டீம் அஞ்சு பேரும் வந்துருவானுவ. நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்க இப்படிக் கூடலாம், பந்து விளையாட இது ஆகாது.

ஏன் ஆகாதுன்னு கணக்குப் போட்டே பாக்கலாம். முழு கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பாதி கோர்ட்டுன்னா 210 சதுர மீட்டர், அதுல நிக்கது பத்தே பேரு. இடம் ஏகத்துக்குக் கெடக்கு. நம்ம ஆளு ரெண்டு பேரு 2 மீட்டர் தள்ளி நின்னா, எதிர் டீம்ல ஒரே ஒருத்தன் நடுவுல நின்னு கையை நீட்டியே ரெண்டு பேரையும் சமாளிச்சிருவான். அதே ரெண்டு பேரு 5 மீட்டர் தள்ளி நின்னா கதையே வேற. நெஞ்சுக்கு நேரேருந்து ரெண்டு கையாலயும் தள்ளுத ஒரு நல்ல செஸ்ட் பாஸ் செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வைங்க, 5 மீட்டரை அரை செகண்டுல தாண்டிரும். தடுக்கவன் பந்து கிளம்பினதைக் கண்ணால பாத்து மூளைக்கு எட்டவே 0.2 செகண்ட் போயிரும், அப்புறம் நின்ன இடத்துலேருந்து 5 மீட்டர் ஓட ஒரு செகண்டுக்கு மேல ஆகும். அவன் வந்து சேரும்போது பந்து வாங்குனவன் கையில அரை செகண்டுக்கு மேல சும்மா கெடைச்சிருக்கும். அட்டாக்குன்னா அந்த அரை செகண்டை உண்டாக்குறதுதான், வேற ஒண்ணும் இல்ல. எவ்வளவு வேகமா ஓடுத பயலா இருந்தாலும் பந்தை முந்த முடியாது.

அதனால சின்ன டீமுக்கு நான் சொல்லுதது அஞ்சு பேரும் வெளியே நிக்கணும்னு. ஒருத்தன் மேல நடுவுல, ரெண்டு பேரு ரெண்டு விங்குல (அதாவது ரெண்டு ஓரத்துலயும்), ரெண்டு பேரு ரிங்கு பக்கத்துக் கடைசிக் கோட்டை ஒட்டி ரெண்டு கார்னர்ல, ரிங்குக்குக் கீழ ஒரு ஆளும் கெடையாது. இப்ப நடுவுல நிக்கவன் வலது விங்குக்குப் பாஸ் போடுதான்னு வைங்க. போட்டுட்டு நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது, அடுத்த நொடியே ரிங்கைப் பாத்து வெட்டி ஓடணும், கையை முன்னால நீட்டிக்கிட்டு. அவனைத் தடுக்கவன் என்ன செய்வான்? பந்து போன பக்கம் தலையைத் திருப்புவான், எல்லாரும் திருப்பத்தான் செய்வானுவ, அந்த நேரத்துல இவன் அவன் முதுகுக்குப் பின்னால போயிருவான். திரும்பப் பந்து வந்தா லே-அப், அதாவது ரிங்குகிட்ட ஓடிப் போய் துள்ளிப் போடுதது. வரலைன்னா ரிங்குக்கடியிலேயே நிக்காம இடது கார்னருக்குப் போயிரணும், அந்தக் கார்னர்ல நின்னவன் விங்குக்கு ஏறணும், விங்குல இருந்தவன் நடுவுக்கு வரணும். மறுபடியும் அஞ்சு இடமும் நெறைஞ்சாச்சு, மறுபடியும் பாஸ், கட். இதுல மனப்பாடம் பண்ண ஒரு மண்ணும் இல்ல, போடு, வெட்டு, காலி இடத்தை நெறப்பு, அவ்வளவுதான். ஆறு ஸ்டெப்பு வச்ச ப்ளேயைப் போர்டுல படம் போட்டுக் குடுக்க கோச்சுமாரு உண்டு, முதல் பாஸை எதிர் டீம் தடுத்துட்டா அடுத்த அஞ்சு ஸ்டெப்பும் குப்பைக்கு, பயலுவ நின்னு கோச் முகத்தைப் பாப்பானுவ.

தடுக்கவன் சூதானமா இருந்து, பாஸ் வார வழியிலேயே கையை வச்சு மறிக்கான்னா அதுவும் நமக்கு நல்லதுதான். பந்து வாங்க வாரமாதிரி ரெண்டு அடி வெளியே வந்துட்டு, சட்டுன்னு திரும்பி அவன் பின்னால ரிங்குக்கு ஓடுனா போதும், பேக்டோர்னு சொல்லுவாங்க. 1996ல அமெரிக்கக் காலேஜ் போட்டியில பிரின்ஸ்டன் டீம், முந்தின வருச சாம்பியன் யூசிஎல்ஏவை 43-41ன்னு ஜெயிச்சதே கடைசி சில செகண்டுல போட்ட ஒரு பேக்டோர் லே-அப்லதான். பீட் கேரில்னு கோச், தன்னை விட உயரமும் வேகமும் உள்ள டீமுவளை அவரு இதை வச்சேதான் திணறடிச்சாரு.

உயரமான பய ஒருத்தன் இருந்தா அவனை ரிங்குக்குக் கீழ நட்டு வச்சிருவாங்க நம்ம ஊருல. ரிங்குக்கு முன்னால கோடு போட்ட கட்டத்துல, பெயிண்டுன்னு சொல்லுவாங்க, மூணு செகண்டுக்கு மேல நின்னா விசிலு, அது போக அவனைத் தடுக்கவனும் அங்கேயே நிப்பான், வெட்டி ஓடுத வழி அடைஞ்சு போகும். பதிமூணு வயசுல நெட்டையா இருக்கவன் பதினேழுல அப்படியே இருப்பான்னு யாரு கண்டா, அவனும் பாஸ் போட, பந்து தட்டக் கத்துக்கணும்.

டிவியில பாத்துட்டு எல்லாப் பயலுக்கும் மூணு பாயிண்ட் ஆசை வேற. அதுக்கு வெளியேருந்து எறிய வேண்டிய கோடு ரிங்குலேருந்து 6.75 மீட்டர்ல இருக்கு, ரிங்கு 3.05 மீட்டர் உயரம். கையில பலம் இல்லாத பய அங்கேருந்து எறிஞ்சா பந்து தட்டையாத்தான் போகும். ரிங்கோட விட்டம் 45 செ.மீ, ஆனா 45 டிகிரியில இறங்குத பந்துக்கு அது 32 செ.மீ அகல வாசலாத்தான் தெரியும், 30 டிகிரியில வந்தா 22.5 செ.மீ. பெரிய பந்தோட விட்டமே சுமார் 24, எப்படி உரசாம உள்ள போகும்? பத்து எறிஞ்சு ரெண்டு விழுந்தா 6 பாயிண்ட், பத்து லே-அப்ல பாதி விழுந்தாலே, ஒண்ணுக்கு ரெண்டு பாயிண்ட் வீதம், 10. இதுல திறந்தவெளி கோர்ட்டு, ஆனி ஆடியில மேக்கேருந்து அடிக்க காத்து, சொல்லவே வேண்டாம்.

ஸ்க்ரீன், அதாவது தடுக்கவன் வழியில நம்ம ஆளு மறிச்சு நிக்கது, எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இப்பவே சொல்லிக் குடுத்தா ஆளு மேல ஆளு முட்டி ஃபவுல்தான் மிஞ்சும்.

பிராக்டிஸுக்கு நல்லது மூணுக்கு மூணு, ட்ரிப்பிளே இல்லாம ஆடுதது. 1891ல நைஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்குனப்போ எழுதுன 13 விதியிலயும் ட்ரிப்பிள் கெடையாது, பந்தைப் பிடிச்ச இடத்துலேருந்துதான் எறியணும். இப்படி ஆடுனா பந்து இல்லாதவன் ஓடியே ஆகணும், வேற வழியில்ல. முதல்ல ஆட்டம் அசிங்கமாத்தான் இருக்கும், பாஸ் எல்லாம் கோட்டுக்கு வெளிய போகும், பயலுவ சண்டை போடுவானுவ. அதைப் பாத்து மனசு எறங்கி ட்ரிப்பிளை விட்டுக் குடுத்துராதீங்க. வெட்டி ஓடுத பழக்கம் வந்தப்புறம் ஆளுக்கு ஒரே ஒரு ட்ரிப்பிள் குடுங்க, அதுவும் ரிங்கைப் பாத்துப் போகத்தான்னு சொல்லி.