கவுண்டைக் காட்டாதீர்கள், காலைக் காட்டுங்கள்

இந்த மாதத்தில் இது நாலாவது. வியாசர்பாடியிலிருந்து மகளுடன் வந்தார் அந்தப் பெரியவர். உட்காரும் முன்பே மகள் செல்போனை நீட்டினார். லேப் ரிப்போர்ட். வெள்ளை அணு 17,400 என்று தடித்த எழுத்தில். "கவுண்ட் ஏறிப்போச்சு டாக்டர். மெடிக்கல்ல கேட்டு அஞ்சு நாள் ஆண்டிபயாடிக் கொடுத்தோம், இன்னும் ஏறுது. பிளட் கேன்சரா இருக்குமா?"

காய்ச்சல் இல்லை. பதினைந்து வருடச் சர்க்கரை. முட்டி வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே டெக்சாமெத்தசோன், சீட்டு இல்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு. இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். "இதைப் போட்டாத்தான் நடக்க முடியுது சார்."

செருப்பைக் கழற்றச் சொன்னேன். வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். சிவப்பு இல்லை, சீழ் இல்லை, வலியும் இல்லை. ஓரத்தை அழுத்தினால் உள்ளே குழி போகிறது. "அது ஆறிட்டு வருது டாக்டர், சீழே இல்ல பாருங்க" என்கிறார் மகள்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கவுண்ட் என்பது ஊசியில் வந்த ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த அணுக்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான். அவை எங்கே போகின்றன, போய்ச் சேர்ந்தனவா என்று அது சொல்லாது. ரத்தக்குழாய்க்குள் இருக்கும் நியூட்ரோஃபில்களில், அதாவது கிருமியோடு முதலில் சண்டைக்குப் போகும் வெள்ளை அணுக்களில், ஏறக்குறைய பாதி, சுவரோரம் ஒதுங்கி நிற்கும். அவை கணக்கில் வராது. ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்கள் மாதிரி. போலீஸ் வந்து ஸ்டாண்டைக் கலைத்தால் ரோட்டில் ஆட்டோ கூடித் தெரியும். அதற்காகச் சவாரி கூடிவிட்டது என்று அர்த்தமா? ஸ்டீராய்டு செய்வது அதைத்தான். போதாததற்கு, எலும்பு மஜ்ஜையில் இருப்பவற்றையும் வெளியே அனுப்பிவிடும்.

சவாரிக்குக் கூப்பிடுவது யார்? கிருமி புகுந்த இடத்துச் செல்கள் கீமோகைன் என்ற சின்னப் புரதங்களைக் கசியவிடும். இன்டர்லூகின் 8 அதில் ஒன்று. பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டும். ஓடிவரும் அணு அதில் சிக்கி உருளும். கீமோகைன் பட்டதும் இன்டெக்ரின் என்ற பிடி இறுகும், அணு நின்றுவிடும். அப்புறம் சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியேறி, கீமோகைன் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஊரும், நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நீங்கள் பயப்படும் சீழ், அப்படி வந்து சண்டை போட்ட அணுக்களின் மிச்சம்.

பிறவியிலேயே இந்த இன்டெக்ரின் சரியாக அமையாத குழந்தைகள் உண்டு, மிக அபூர்வமாக. ரத்தத்தில் கவுண்ட் எக்கச்சக்கமாக இருக்கும். புண்ணில் சீழ் பிடிக்காது. தொப்புள்கொடி விழவே வாரக்கணக்கில் ஆகும். எண்ணிக்கையை வைத்து மட்டும் பார்த்தால் அவர்கள்தான் பெரிய பலசாலிகள்.

ஸ்டீராய்டு அந்தக் கூப்பிடுகிற குரலை அடக்குகிறது. முட்டி வீக்கம் வடிந்ததும் அதனால்தான், காலில் சிவப்பு தெரியாததும் அதனால்தான். நல்ல மருந்து, நானும் எழுதுகிறேன், ஆனால் நாள் கணக்குப் போட்டு.

கவுண்ட் தொற்றிலும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும், ஓடிவந்து ரத்தம் கொடுத்தாலும் ஏறும், புகை பிடிப்பவர்களுக்குச் சற்று ஏறியே இருக்கும். அரிதாகப் புற்றுநோயிலும். எது என்பதை ஆளைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு எண்ணுக்கு ஆண்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். மெடிக்கலில் "வலிக்கு நல்லது" என்று தரும் மாத்திரையின் பெயரைக் கேளுங்கள், அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: இதைப் படித்துவிட்டு, வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

பெரியவரை அன்றே அட்மிட் செய்தோம். எலும்பு வரை போயிருந்தது, விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நேற்று போன் செய்து, கால் எப்படி இருக்கிறது என்று மகளிடம் கேட்டேன்.

"கவுண்ட் 9,800-க்கு வந்துடுச்சு டாக்டர்" என்றார்.