பெலாஜிக் சீலிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

கப்பலில் போய், கரையை விட்டு வெகுதூரத்தில் நீந்தும் சீல் என்ற கடல் விலங்குகளை ரோமத்தோலுக்காகக் கொல்வதுதான் பெலாஜிக் சீலிங். கிரேக்கத்தில் 'பெலகோஸ்' என்றால் பரந்த கடல். கடைக்கு வைக்கும் சீல் வேறு. அது லத்தீனின் முத்திரைச் சொல்லிலிருந்து வந்தது. விலங்கின் பெயர் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது.

சீலை 'நீர்நாய்' என்று எழுதுவது தவறு. நீர்நாய் சங்கப் பாட்டிலேயே வாளைமீன் பிடித்துத் தின்கிற, இன்றும் காவிரியில் திரிகிற விலங்கு. சீலுக்குக் 'கடல்நாய்' சரி. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வேட்டைக்கு இலக்கான ரோமச் சீலை ஜெர்மானியர் கடற்கரடி என்கிறார்கள், ரஷ்யர்களோ கடல் பூனை என்கிறார்கள்! நமக்கு 'ரோமக் கடல்நாய்' போதும்.

'பெலாஜிக்' என்பதற்குப் பலரும் 'ஆழ்கடல்' என்று போடுகிறார்கள். இங்கே அது பொருந்தாது. பிரச்சினை ஆழமல்ல, இடம். இந்தக் கடல்நாய்கள் குட்டி போடும் முக்கியமான இடம், அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் உள்ள பிரிபிலோஃப் தீவுகள். ஒரு பெரிய ஆணைச் சுற்றிப் பல பெண்கள் இருக்கும். ஜோடி கிடைக்காத இளம் ஆண்கள் தனியே ஒதுங்கிக் கிடக்கும். கரையில் வேட்டையாடினால் அவற்றை மட்டும் பிரித்து ஓட்டிக்கொண்டு போகலாம். கடலில் தலை மட்டும்தான் தெரியும், ஆணா பெண்ணா என்று யார் பார்ப்பது? இரை தேடி வெகுதூரம் போவது தாய்தான். அதைச் சுட்டால் வயிற்றில் இருப்பதும் போகும், தீவில் பாலுக்குக் காத்திருப்பதும் பட்டினியில் சாகும். சுடப்பட்டவற்றில் பல கைக்குச் சிக்காமல் மூழ்கியும் போயின. 1867இல் அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியபோது இருந்த பெருங்கூட்டம், 1910 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கிவிட்டது.

1893இல் பாரிஸில் கூடிய நடுவர் மன்றம், பெரிங் கடல் தனக்கே உரியது என்ற அமெரிக்காவின் வாதத்தை ஏற்கவில்லை. அப்புறம் 1911 ஜூலை 7 அன்று அமெரிக்கா, பிரிட்டன் (கனடாவுக்காகவும்), ஜப்பான், ரஷ்யா நான்கும் ஒப்பந்தம் போட்டு, வடபசிபிக்கில் இந்த வேட்டையைத் தடை செய்தன. கடலில் வேட்டையை விட்டதற்கு ஈடாக, பிரிபிலோஃப் தோல்களில் கனடாவுக்கும் ஜப்பானுக்கும் தலா 15 சதவீதம் கிடைத்தது. கருணையைவிடப் பங்குக் கணக்குதான் வேலை செய்தது என்பேன். துப்பாக்கி இல்லாமல், துடுப்போ பாயோ வைத்த சிறு படகில் வேட்டையாடும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு.

ஆக, 'நடுக்கடல் கடல்நாய் வேட்டை' என்பதே சரியான தமிழ். 'கடல்' இரண்டு முறை வருவது உறுத்தினால் 'நடுக்கடல் சீல் வேட்டை' என்று எழுதலாம். 'கடல்நாய் வேட்டைத் தடை' என்று பொதுவாக எழுதினால் மட்டும் 1911 பற்றித் தப்பான செய்தி போய்விடும். தீவில் அரசே நடத்திய வேட்டை இடையில் சில ஆண்டுகள் போக நீடித்தது. ரோமத்துக்கான வணிக வேட்டை அங்கே முடிந்தது 1984இல்தான். அந்தத் தீவுகளில் வாழும் பழங்குடியினரான உனங்கன் மக்கள் சாப்பாட்டுக்காக இன்றும் வேட்டையாடுகிறார்கள். அதற்கு 'உணவு வேட்டை' என்பதே போதும்.