டிஸ்டார்ஷன் – திரிபு

ராக் இசையில் கிட்டார் கரகரவென்று உறுமுகிறதே, அதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். தமிழில் அதற்கு எந்தச் சொல் பொருந்தும்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் ஓடி ஓடி விரட்டும் அதே சத்தம்தான்.

மூலம் லத்தீன். ‘டார்க்வேரே’ என்றால் முறுக்குதல், திரித்தல். வண்டிக்காரர்கள் சொல்லும் டார்க்கும் (முறுக்கு விசை) அதே வேரில் வந்ததுதான்.

ஆம்ப்ளிஃபயரால் தனக்குக் கிடைக்கும் வோல்டேஜுக்கு மேல் அலையை உயர்த்த முடியாது. மீறினால் உச்சி மட்டமாக வெட்டுப்படும். கிட்டாரின் 5ஆம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால் 330, 550, 770 என ஒற்றைப்படை மடங்குகள் வலுக்கும். சுருதி அப்படியே இருக்கும், நாதம் மாறிவிடும்.

ஆகவே ‘சிதைவு’ பொருந்தாது. ‘இரைச்சல்’ வெளியிலிருந்து வந்து கலப்பது, அதுவும் வேறு. ‘உருக்குலைவு’ அலையின் வடிவத்தைச் சொன்னாலும் அழிவின் சாயல் தட்டுகிறது. ‘திரிபு’தான் சரி. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆகும்போது எழுத்து திரியும், சொல் பிழைத்திருக்கும். இங்கும் அதுவே நடக்கிறது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பழுதான கருவி எழுப்பிய சத்தம் பிடித்துப்போய், அதை வேண்டுமென்றே எழுப்பும் பெடல் (காலால் அழுத்தும் சிறு பெட்டி) 1962இல் கடைக்கு வந்தது. இயந்திரம் திணறும் குரலே இயந்திர யுகத்தைப் பற்றிய அச்சத்தைப் பாட உதவியது. பிளாக் சாபத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஓசூர் பிரஸ் ஷாப்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1969இல் கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவினர் தங்கள் பாடகரின் குரலையே திரித்தார்கள்.

மேடையில் ஒரு எச்சரிக்கை. மிக்சரில் உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயினில் திரிபு விழுந்துவிட்டால், வெளியே போகும் மொத்த ஒலிக்கான மாஸ்டரைக் குறைத்தால் சத்தம்தான் குறையும், திரிபு போகாது. ஆம்ப்ளிஃபயரே திரிந்தால் இன்னும் ஆபத்து: முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமான அலை, அதே உயரமுள்ள, வெட்டுப்படாத வளைந்த சைன் அலையைவிட இரு மடங்கு திறனைச் செலுத்தும். ஹார்ன் யூனிட்டின் கம்பிச்சுருள் (காயில்) கருகுவது இப்படித்தான். ராக் குழு வந்தால் முதலில் பெடலை அழுத்தி, பலமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்போதும் மிக்சரின் சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினை வையுங்கள்.