எக்ஸைல்: நாடுகடத்தலா, நாடிழப்பா?

'எக்ஸைல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் அகராதிகள் முதலில் தருவது 'நாடுகடத்தல்'. நெப்போலியனை எல்பா தீவுக்கு அனுப்பிய கதையைப் பள்ளியில் படித்த நாளிலிருந்து இந்தச் சொல் நமக்குப் பழக்கம். நெப்போலியனுக்கு அது சரியாகவே பொருந்தும். கப்பலில் ஏற்றினார்கள், தீவில் இறக்கினார்கள். ஆனால் ருமேனியப் போர் விமானி கான்ஸ்டன்டின் கான்டாகுசினோவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இதே சொல் முதல் வரியிலேயே காலை வாரிவிட்டது. "போருக்குப் பிறகு அவர் நாடு கடத்தப்பட்டு ஸ்பெயினில் வாழ்ந்தார்" என்று எழுதினேன், உடனே அடித்தேன். அவரை யாரும் கடத்தவில்லை. அவராகத்தான் போனார். திரும்பி வரத்தான் வழியில்லாமல் போயிற்று.

அவர் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் சொல்லின் சிக்கல் புரியாது.

1905இல் புக்காரெஸ்டில் பிறந்தவர். பைசாந்தியப் பேரரசர்களின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பிரபுக் குடும்பம். ருமேனிய ஐஸ் ஹாக்கி அணியின் தலைவராக ஆடியவர், விமான சாகசப் போட்டிகளில் வென்றவர், பயணிகள் விமான நிறுவனத்தில் விமானியாக இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் ருமேனியா ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்துப் போரிட்டது. அந்தப் போரில் போர் விமானம் ஓட்டி, ருமேனியாவில் அதிக வெற்றிகள் பெற்ற வான்போர் வீரர் என்று பெயர் எடுத்தார். 1944 ஆகஸ்ட் 23 அன்று மன்னர் மிஹாய் சர்வாதிகாரி அன்டோனெஸ்குவைக் கைது செய்து நாட்டை நேச நாடுகளின் பக்கம் திருப்பினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 27 அன்று, கான்டாகுசினோ ஒரு வேலை செய்தார்.

புளோயெஸ்டி எண்ணெய் ஆலைகளைக் குண்டு வீசித் தாக்க வந்து சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ருமேனியாவில் கைதிகளாக இருந்தார்கள். ஜெர்மானியர்கள் புக்காரெஸ்டின் மீது குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம். இத்தாலியில் இருந்த அமெரிக்கத் தளத்துக்குச் செய்தி போனால்தான் இவர்களைக் காப்பாற்ற முடியும். கைதிகளில் மூத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கன் என்ற அதிகாரி. கான்டாகுசினோ ஓட்டிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒருவர் மட்டும் அமரக்கூடிய விமானம். இருக்கைக்குப் பின்னால் வானொலிக் கருவி இருந்த பொந்தைக் காலி செய்து, அதற்குள் கன்னைச் சுருட்டி நுழைத்து, பக்கவாட்டு மூடியை வெளியிலிருந்து திருகாணி போட்டு மூடினார்கள். உள்ளே இருப்பவர் தானாகத் திறந்துகொள்ள முடியாது. விமானம் விழுந்தால் அவ்வளவுதான். சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்று இரு பக்கமும் பெரிதாக அமெரிக்கக் கொடியை வரைந்திருந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரப் பறப்பு. இத்தாலியின் ஃபோஜா அருகே இறங்கியதும், சூழ்ந்து நின்றவர்களிடம் கான்டாகுசினோ கேட்டது ஒரு திருப்புளி. அதை வைத்து மூடியைக் கழற்றினால் உள்ளேயிருந்து ஓர் அமெரிக்க அதிகாரியின் கால்கள் வருகின்றன! சில நாட்களில் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் புக்காரெஸ்டுக்குப் போய் 1,100க்கும் மேற்பட்ட கைதிகளை மீட்டு வந்தன.

அன்று அவர் இத்தாலியிலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. நாடு திரும்பி, இப்போது ஜெர்மனிக்கு எதிராகப் பறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ருமேனியா முழுக்கக் கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போனது. நிலங்கள் பறிக்கப்பட்டன, 1947 டிசம்பர் 30 அன்று மன்னர் முடி துறக்கவைக்கப்பட்டார். கான்டாகுசினோ மறுபடியும் இத்தாலிக்குப் போனார், இந்தத் தடவை திரும்பவில்லை. பிறகு ஸ்பெயின். அங்கே மக்கள் முன் விமான சாகசங்கள் செய்து காட்டிப் பிழைத்தார். 1958இல் அங்கேயே இறந்தார், வயது 52.

அவர் குடும்பமே இந்தச் சொல்லுக்கு ஓர் உரைநூல் மாதிரி. அவருடைய தாய் மறுமணம் செய்துகொண்டது ருமேனியாவின் மாபெரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் எனெஸ்குவை. எனெஸ்கு 1946இல் கச்சேரிப் பயணமாக அமெரிக்கா போனார், பிறகு பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை, 1955இல் பாரிஸில் இறந்தார். கான்டாகுசினோவின் மகள் நாட்டுக்குள்ளேயே இருந்தாள். 1952இல் அவளைச் சிறையில் போட்டார்கள், அப்போது வயது பதினாறு. பின்னாளில் வானா ஓர்லியா என்ற பெயரில் எழுத்தாளரானார். 1980இல் அவரும் பிரான்சுக்குப் போய்விட்டார். மூன்று பேர், மூன்று வேறு வேறு பயணம். ஒருவரையும் காவலர்கள் எல்லையில் கொண்டுபோய் விடவில்லை. அப்படியானால் மூவருக்கும் பொதுவானது என்ன?

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். ஆங்கிலச் சொல்லும் ருமேனிய மொழியின் 'எக்ஸில்' என்ற சொல்லும் லத்தீனின் 'எக்ஸிலியும்' என்பதிலிருந்து வந்தவை. அந்நிலையில் இருப்பவர் 'எக்ஸுல்'. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'சொலும்' என்றால் மண். ஆகவே மண்ணுக்கு வெளியே இருப்பவர் என்று பழைய லத்தீன் ஆசிரியர்கள் விளக்கம் சொன்னார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. இரண்டாம் பகுதி 'அலைதல்' என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்களில் பலரின் கருத்து.

வேரைவிட முக்கியம் ரோமானிய வழக்கு. தொடக்க காலத்தில் 'எக்ஸிலியும்' ஒரு தண்டனையே இல்லை. மரண தண்டனை வரப்போகிறது என்று தெரிந்த குடிமகன், தீர்ப்பு வருமுன் தானாக ரோமை விட்டு வேறு நகரத்துக்குப் போய்விடலாம். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இந்த உரிமையைப் பாராட்டியே எழுதுகிறார். ஆள் போன பிறகு ரோம் ஒரு தீர்மானம் போடும்: இவருக்கு நெருப்பும் நீரும் மறுக்கப்படுகின்றன. அதாவது ரோம் மண்ணில் ஒருவரும் அவருக்கு அடுப்பு நெருப்போ குடிக்கத் தண்ணீரோ தரக் கூடாது. நம் ஊர்ப்பக்கம் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்து, 'அன்னந்தண்ணி புழங்கக் கூடாது' என்று சொன்ன அதே மொழி. போவது அவர் முடிவு, கதவைச் சாத்துவது ஊரின் முடிவு. இரண்டும் சேர்ந்ததுதான் எக்ஸிலியும்.

லத்தீன் உலகின் மிகப் புகழ்பெற்ற வெளியேற்றம் இன்றைய ருமேனியாவில்தான் நடந்தது. கவிஞர் ஓவிடைப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 8இல் கருங்கடல் கரையிலிருந்த டோமிஸுக்கு அனுப்பினார். இன்று அது கான்ஸ்டான்சா துறைமுக நகரம், அங்கே ஓவிடுக்குச் சிலை இருக்கிறது. அவர் ரோமுக்குத் திரும்பாமல் அங்கேயே இறந்தார். ஆனால் தன்னை 'எக்ஸுல்' என்று சொல்லக் கூடாது, ஆணையில் உள்ள சொல் 'ரெலெகாட்டுஸ்' என்று கவிதையிலேயே வாதாடினார். அது இடம் குறித்து அனுப்பப்படும் தண்டனை. சொத்தும் குடியுரிமையும் அவரிடமே இருந்தன. அந்தக் கவிஞருக்குச் சொல்லின் துல்லியம் அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது. பார்க்கப் போனால், நம் 'நாடுகடத்தல்' ஓவிடுக்குத்தான் பொருந்துகிறது. விமானிக்கு இல்லை.

ருமேனிய மொழி பேசுவோர் இந்த வேறுபாடுகளை வேறு வேறு சொற்களிலேயே வைத்திருக்கிறார்கள். 'சுர்கியூன்' என்பது துருக்கியிலிருந்து வந்தது. துருக்கியில் 'சுர்மெக்' என்றால் ஓட்டுதல், விரட்டுதல். சுல்தானோ இளவரசனோ ஒருவரை விரட்டினால் அது சுர்கியூன். 'பிரிபியாக்' என்பது ஸ்லாவிய வேரிலிருந்து வந்த சொல், ஓடுதல் என்ற பொருளிலிருந்து பிறந்தது. உயிருக்கு அஞ்சி அண்டை நாட்டுக்கு ஓடிய மால்டேவியப் பிரபுக்களைப் பழைய வரலாற்றேடுகள் இப்படித்தான் குறிக்கின்றன. 'எக்ஸில்' பிந்தி வந்த நூல்வழக்கு, இரண்டையும் தழுவி நிற்பது. அப்புறம் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்களின் சொல் ஒன்று உண்டு: 'ஃபுகார்', ஓடிப்போனவன். வெளிநாட்டிலிருந்து திரும்ப மறுப்பதே குற்றம் என்று சட்டம் சொன்ன ஆட்சி அது. ஒரே மனிதரைத் தாயகத்து அலுவலகத் தாள் ஃபுகார் என்னும், மாட்ரிட்டில் இருந்த சக ருமேனியர்கள் எக்ஸிலில் இருப்பவர் என்பார்கள்.

எல்லை தாண்டாமலே விரட்டப்பட்டவர்களும் உண்டு. 1951 ஜூன் 18 இரவில் தொடங்கி, யூகோஸ்லாவிய எல்லையோரத்தில் வாழ்ந்த 40,000க்கும் மேற்பட்டவர்களைச் சரக்கு ரயில்களில் ஏற்றி, ருமேனியாவுக்குள்ளேயே இருக்கும் பராகன் சமவெளியின் வெறும் வயலில் இறக்கிவிட்டார்கள். அடையாளத் தாளில் 'டி.ஓ.' என்ற முத்திரை, கட்டாயக் குடியிருப்பு என்பதன் சுருக்கம். அவர்களே மண் குழைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். இவர்களை நாடு கடத்தப்பட்டவர்கள் என்று எழுதினால் தப்பு. 'ஊர் கடத்தப்பட்டவர்கள்' என்றோ 'வலிந்து குடிபெயர்க்கப்பட்டவர்கள்' என்றோ எழுதலாம்.

இனி நம் சொற்கள். 'கட' என்பது தன்வினை, 'கடத்து' பிறவினை. நாடு கடந்தவர் தானே எல்லை தாண்டியவர். நாடு கடத்தப்பட்டவர் பிறரால் தாண்டவைக்கப்பட்டவர். ஒரு 'த்'தில் இருக்கும் இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. பழைய பத்திரிகைகளில் வந்த 'தேசப்பிரஷ்டம்' என்பதும் தண்டனைதான். 'வனவாசம்' அழகான சொல், ஆனால் அதற்குத் தவணை உண்டு. பதினான்கு ஆண்டு முடிந்தால் அயோத்தி காத்திருக்கும். கான்டாகுசினோவுக்குத் தவணை எதுவும் சொல்லப்படவில்லை.

இன்று அதிகம் புழங்கும் சொல் 'புலம்பெயர்தல்'. இலங்கைப் போருக்குப் பிறகு அது நெஞ்சில் தைக்கும் சொல்லாகிவிட்டது. அதன் பழைய பிறப்பு வேறு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது 'புலம் பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' என்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த வணிகர்கள் அவர்கள். இனிதாக இருந்தார்கள், நினைத்தால் கப்பலேறி ஊருக்குப் போயிருப்பார்கள். வேலைக்கு வளைகுடா போகிறவரும் புலம்பெயர்ந்தவர்தான், உயிருக்கு ஓடியவரும் புலம்பெயர்ந்தவர்தான். சொல் அகலமானது. சாத்தப்பட்ட கதவு அதில் இல்லை.

'அகதி' வடமொழிச் சொல், கதி இல்லாதவர் என்று பொருள். அது புகலிடம் தேடும் கட்டத்தைக் குறிக்கிறது. அதற்கு மாற்றாக வழங்கும் 'ஏதிலி', அயலார் என்ற பொருளில் குறளில் வரும் 'ஏதிலார்' என்பதன் உறவு. போய்ச் சேர்ந்த ஊர் அவரை எப்படிப் பார்க்கிறது என்பதையே அது சொல்கிறது. 'நாடற்றவர்' என்பது குடியுரிமை பற்றிய சட்டச் சொல். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை அப்படித்தான் ஆக்கியது, அவர்களோ வாழ்ந்த மண்ணிலேயே இருந்தார்கள். அதே 1948இல் மன்னர் மிஹாயின் ருமேனியக் குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

அதனால் நான் பரிந்துரைப்பது 'நாடிழப்பு'. நாடிழந்தவர், நாடிழந்த வாழ்வு என்று எளிதாக வளையும். யார் தள்ளியது என்ற கேள்வியை அது திறந்தே விடுகிறது. விரட்டப்பட்டவரும் நாடிழந்தவர், தப்பிப் போனவரும் நாடிழந்தவர், கச்சேரிக்குப் போய்த் திரும்பாதவரும் நாடிழந்தவர். இழந்தது என்ன என்பதை மட்டும் நேராகச் சொல்கிறது. பொருள் இழப்பு, உயிரிழப்பு என்று நாம் நாள்தோறும் சொல்வதால் காதுக்கும் புதிதாக இராது. ஆணை போட்டு அனுப்பினால் நாடுகடத்தல், மீள வழியில்லாமல் வெளியே வாழ்ந்தால் நாடிழப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து இயங்கும் அரசுக்கு 'நாடு கடந்த அரசு' என்ற வழக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். இழந்தது திரும்பக் கிடைத்தால்? மன்னர் மிஹாய்க்கு 1997இல் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. அவருடைய அரை நூற்றாண்டை 'நாடிழந்திருந்த காலம்' என்று எழுதலாம். தமிழ் வினை அதற்கு இடம் கொடுக்கிறது. விமானிக்கு அந்த 'இருந்த' தேவைப்படவில்லை. அவரைப் பற்றிய முதல் வரியை இப்போது இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்: "போருக்குப் பிறகு நாடிழந்த கான்டாகுசினோ, ஸ்பெயினில் விமானம் ஓட்டிப் பிழைத்தார்."